குருவியும் பின்னும், எறும்பும் பின்னும்: மரக்காணத்தின் ஓராண்டுப் பின்னல்... தெரியுமா?

பின்னல் என்றதும் உங்களுக்கு முதலில் எது நினைவுக்கு வருகிறது? பாட்டி இழுத்துப் போட்டுவிட்ட இரட்டைச் சடையா? மே மாத விடுமுறையில் அக்கா முடித்த ஒயர்கூடையா? உடம்போடு ஒட்டிக்கிடக்கும் பனியனா? மணலில் குவித்துக் காயவைத்த மீன்வலையா? தலைமயிர், கூடை, துணி, வலை என்று இத்தனையையும் தமிழ் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது!

அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் ஒரே ஊரில் கண்ணெதிரே விரிய வேண்டுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் மரக்காணத்துக்கு வாருங்கள். கிழக்கே வங்கக் கடல். சாலையோரம் கண்ணாடி பதித்தது போல உப்புப் பாத்திகள். தெற்கே கழுவேலி ஏரி. சுற்றிலும் பனை. இங்கே என்ன பின்ன வேண்டும், எப்போது பின்ன வேண்டும் என்பதைக் காற்றும் உப்பும் மீனும் மழையும்தான் முடிவு செய்கின்றன. மனிதர்கள் மட்டுமா பின்னுகிறார்கள்? குருவி பின்னுகிறது, எறும்பு பின்னுகிறது! சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை ஒரு சுற்றுச் சுற்றி வருவோமா?

முதலில், இந்த ஊரின் வயது தெரியுமா?

சங்க நூலான சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் என்றொரு கடற்கரை ஊரைக் காட்டுகிறது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் பட்டினம் அது. இன்றைய மரக்காணம்தான் அந்த எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கி.பி. முதல் நூற்றாண்டுக் கடற்பயணக் குறிப்பில் சோபட்மா என்றொரு துறைமுகம் வருகிறது. அதையும் மரக்காணத்தோடு பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு! ஊரின் நடுவே பூமீஸ்வரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு இன்றும் நிற்கிறது. ஆந்திராவில் பெத்தகஞ்சத்தில் தொடங்கி, சென்னையை ஊடுருவி, சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் எங்கே முடிகிறது என்று நினைக்கிறீர்கள்? மரக்காணத்தில்தான்!

சித்திரை 2-ஆம் நாள் என்ன நடக்கிறது, தெரியுமா?

ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு. மறுநாள் ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரை முழுவதும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கும் இழுவைமடிப் படகுகளுக்கும் ஓய்வு. 2001-இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்த தடை, 2017-இல்தான் 61 நாளானது.

படகு ஓய்ந்தால் கை ஓயுமா? ஓயாது! படகைப் பழுது பார்ப்பதும் கிழிந்த வலையைப் பொத்துவதும் இந்த நாட்களில்தான். கடலில் மீன் தன் குலத்தைப் பெருக்கும் அதே நேரத்தில், கரையில் வலையின் கண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிறக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பருவம்! வியப்பாக இல்லையா?

கிழிசலை அடைக்க முதலில் அதைப் பெரிதாக்குவார்கள், தெரியுமா?

நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் உண்மை! பழகியவர் கிழிந்த வலையைக் கையில் எடுத்ததும் ஊசியைத் தேடமாட்டார், கத்தியைத்தான் தேடுவார். பிய்ந்து தொங்கும் நுனிகளை எல்லாம் வெட்டி, ஓட்டையின் ஓரத்தை முடிச்சுக்கு முடிச்சு சுத்தமாக்குவார். நான்கு கால் இருக்க வேண்டிய முடிச்சில் மூன்று கால் மட்டும் மிஞ்சி நிற்கும் இடம் ஒன்றைத் தேடுவார். அங்கேதான் தொடக்கம். வரிசை வரிசையாகப் போய், இன்னொரு மூன்று கால் முடிச்சில் முடிப்பார். இந்தக் கணக்குத் தப்பினால் கடைசியில் ஒரு கண் கூடும் அல்லது குறையும், வலை ஒரு பக்கமாக இழுக்கும்.

கையில் என்ன கருவி? தட்டையான வலை ஊசி. முன்பு மூங்கில், இப்போது பிளாஸ்டிக். உள்ளே நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கண்ணும் ஒரே அளவில் விழ, இன்னொரு கையில் ஒரு சிறு அளவுகோல் கட்டை. முடிச்சுக்கு முடிச்சு 2 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சதுரமாக விரித்த ஒரு சதுர மீட்டர் வலையில் 2,500 முடிச்சு! இன்று புது வலையை இயந்திரம் பின்னித் தருகிறது. ஆனால் கிழிந்த வலையை உயிர்ப்பிப்பது இன்றும் கைதான்.

வலைக்காரர் முடிச்சும் நெசவாளர் முடிச்சும் ஒன்றுதான், தெரியுமா?

தறியில் பாவு இழை அறுந்தால், காஞ்சிபுரத்து நெசவாளர் ஒரு நொடியில் அதை முடிந்துவிடுவார். இழையின் தடிமன் கூடாது, முடிச்சு நழுவக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு முடிச்சு நெசவாளர் முடிச்சு என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. மீன்வலையின் ஒவ்வொரு கண்ணையும் கட்டும் முடிச்சின் அமைப்பும் அதுவேதான்! ஒரு கயிறு வளைந்து நிற்க, இன்னொன்று அதற்குள் நுழைந்து, பின்னால் சுற்றி, தன்னடியிலேயே அழுந்திக்கொள்ளும். பட்டுச் சேலையையும் பாறை மீனையும் ஒரே முடிச்சு தாங்குகிறது!

வலை எவ்வளவு பழையது? 1913-இல், அன்று பின்லாந்தில் இருந்த ஆன்ட்ரியா என்ற ஊரில் சதுப்பு நிலத்தைத் தோண்டியபோது வில்லோ மரப்பட்டை நாரில் பின்னிய ஒரு மீன்வலை கிடைத்தது. வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு! மனிதன் சக்கரம் செய்யும் முன்பே வலை செய்துவிட்டான்.

பனியனை அறுத்தால் ஓடும், வலையை அறுத்தால் நிற்கும். ஏன் தெரியுமா?

நெசவில் பாவு, ஊடு என இரண்டு இழைக்கூட்டம் குறுக்கும் நெடுக்கும் போகும். பின்னலாடையில் ஒரே நூல் போதும்! அந்த நூல் வளையமாகி, அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழைந்து, அதற்குள் இன்னொன்று. எங்கும் முடிச்சே கிடையாது. பருத்தி இழை தானாக நீளாது. ஆனாலும் பனியன் நீள்கிறதே, எப்படி? இழுத்தால் வளையங்கள் தட்டையாகி இடம் கொடுக்கின்றன, விட்டால் பழையபடி சுருள்கின்றன. நீள்வது நூல் அல்ல, அதன் வளைவு!

ஆனால் அந்த நெகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. ஒரு வளையம் நழுவினால் அடுத்தது நழுவும், அதற்கடுத்ததும் நழுவும், ஏணிபோல ஓட்டை ஓடும். வலை அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் முடிச்சு காவல் நிற்கிறது. நண்டு ஒரு கண்ணைக் கத்தரித்தால் அந்த இடம்தான் போகும், வலை பிழைக்கும். நம் வீட்டு ஒயர்கூடையும் வலையின் கட்சிதான். பிஸ்கட் முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என எதைப் போட்டாலும் ஒவ்வொன்றும் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. பத்து கிலோ அரிசியைச் சுமந்தும் கூடை அவிழாத ரகசியம் இதுவே!

இன்னொன்று. வலைக் கண் சாய்சதுரமாக இருந்தால் இழுக்கும்போது மூடிக்கொள்ளும், குஞ்சு மீனும் மாட்டிக்கொள்ளும். அதே கண்ணை 45 பாகை திருப்பிச் சதுரமாக வைத்தால் இழுக்கும்போதும் திறந்தே இருக்கும், சிறு மீன் தப்பிவிடும். ஒரு திருப்பத்தில் அடுத்த தலைமுறை மீன் பிழைக்கிறது!

வைகாசி வெயில் என்ன பின்னுகிறது, தெரியுமா?

உப்பு! தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் தமிழ்நாட்டின் உப்பு விளையும் முக்கியமான ஊர்களில் மரக்காணமும் ஒன்று. மழை ஓய்ந்த தை, மாசியில் வேலை தொடங்கி, சித்திரை, வைகாசி, ஆனியில் உச்சம் தொட்டு, வடகிழக்குப் பருவமழை வந்ததும் முடிகிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் காயவிட்டு, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் சாப்பாட்டு உப்பு பூக்கும். அதற்கு முந்தைய பாத்திகளில் ஜிப்சம் முதலில் அடியில் படிந்துவிடும். உப்பு விளைந்த பிறகும் நீரை நிறுத்தி வைத்தால் மக்னீசியம் சேர்ந்து கசந்துவிடும். ஆகவே சரியான நேரத்தில் வார வேண்டும், சரியான நேரத்தில் நீரைத் திறந்துவிட வேண்டும். எத்தனை நுணுக்கம்! உப்புப் பரல் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னஞ்சிறு கனசதுரம். சோடியமும் குளோரினும் மாறி மாறி, முன்பின், மேல்கீழ், இடவலம் என்று அணு அணுவாகக் கோத்த பின்னல்!

பாத்தி சில நாள் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடும் உப்பிலும் வாழும் டுனாலியெல்லா என்ற பாசியும் உப்பு விரும்பும் நுண்ணுயிர்களும் செய்யும் மாயம் அது. கேரட்டில் இருக்கும் அதே நிறமி வகை! பூநாரையின் இறகு சிவப்பதும் இந்த நிறமியால்தான். அதன் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். தின்னத் தின்னத்தான் சிவக்கும்.

இதே கோடையில் உப்பளப் பகுதிகளின் வரப்புகளை உற்றுப் பாருங்கள். சிவந்த குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான் நடமாடும். அதன் முட்டை மண்ணின் நிறத்திலேயே இருக்கும். அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, கால்தான் பட்டுவிடும். அதனால் வரப்பில் ஏறாதீர்கள், சாலையில் நின்றே பாருங்கள்!

நுங்கு வெட்டும் காலமும் இதுதான். தமிழ்நாட்டின் மாநில மரமான பனை நுங்கோடு நின்றுவிடுவதில்லை. இளங்குருத்து ஓலை வெளுப்பாக, மெத்தென்று இருக்கும்; விசிறி, சிறு பெட்டி, கிலுகிலுப்பை பின்ன ஏற்றது. முற்றிய ஓலை கூரைக்கும் முரட்டுக் கூடைக்கும் போகும்.

ஆடியில் திருப்பூரும் மரக்காணமும் கைகோத்த கதை தெரியுமா?

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. கழுவேலி ஏரியோ விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் உவர்நீர் நிலம். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு கழுவேலிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு ஊருக்கும் என்ன தொடர்பு?

2024 ஆகஸ்ட் மாதம், சுதந்திர தினத்துக்கு முதல் நாள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இந்தியாவிலிருந்து 3 இடங்கள் சேர்ந்த செய்தி வந்தது. ஒன்று மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கம். மற்ற இரண்டும் தமிழ்நாடு. ஒன்று கழுவேலி. இன்னொன்று? திருப்பூரின் நஞ்சராயன் குளம்! பின்னலாடை நகரத்தின் பறவைக் குளமும் வலை பின்னும் கரையின் பறவை ஏரியும் ஒரே நாளில் உலகப் பட்டியலில் ஏறின!

இன்னும் கேளுங்கள். பருத்திப் பனியனுக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், தெரியுமா? நீரில் நனைந்த பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கரைத்தால்தான் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் இழைக்குள் போகும். அடர்ந்த நிறத்துக்குக் கடல்நீரைவிட உப்பான குளியல் தேவைப்படும்! அந்தக் கழிவுநீர் ஆற்றில் கலந்த துயரத்தைத் திருப்பூர் அனுபவித்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், நீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. சட்டையின் நிறத்துக்கும் பறவையின் குளத்துக்கும் நடுவே ஒரு கைப்பிடி உப்பு!

ஊசி இல்லாமல் பின்னும் மூவர் யார், தெரியுமா?

மழை தட்டுப்பட்டுப் புல் பச்சை கட்டியதும் பனை ஓலை நுனியைப் பாருங்கள். தூக்கணாங்குருவிகளின் ஊர் தொங்கும்! பின்னுவது ஆண் குருவி. புல்லையும் ஓலையையும் நீள நீளமான நாராகக் கிழித்துக் கொண்டுவரும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான நடை. இந்தக் குருவி இனங்களை ஆராய்ந்தவர்கள் அவற்றின் கூட்டில் சுருக்கும் முடிச்சும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பாதிக் கூடு தலைகீழ்க் கிண்ணம்போல முடிந்ததும் பெண் குருவி வந்து சோதிக்கும். பிடித்தால்தான் மீதிப் பாதியும் நுழைவாயில் குழலும் எழும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே நிற்கும்! கூட்டுக்குள் ஈர மண் உருண்டை அப்பி வைக்கும் வழக்கமும் இதற்கு உண்டு.

இரண்டாவது தையல்சிட்டு. அகன்ற இலையின் ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் நுழைத்து, இலையைப் பைபோல மடித்துத் தைத்துவிடும். முடிச்சுப் போடாது! துளைக்கு வெளியே நூல் நுனி தானே பிரிந்து விரிந்து, ஆணித்தலைபோலப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் அதிசயத்தின் உச்சம். மாமரத்து முசுறு! செவ்வெறும்புகள் வரிசையாகக் கைகோத்து இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொரு கூட்டம் தங்கள் புழுக்களை வாயில் கவ்விவரும். புழு பட்டு இழையைச் சுரக்கும். புழுவை இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாறி மாறித் தொட்டு, எறும்பு இலைகளை ஒட்டிவிடும். தறியில் நாடா ஓடுகிறதே, அதேபோல! தன் கூட்டத்துக் குழந்தையையே தறிநாடாவாக்கும் நெசவாளியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஐப்பசிப் புயலை முடிச்சால் அளப்பது தெரியுமா?

காற்று திசை மாறும். நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள்: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பாத்திகள் நீரில் மூழ்கும், உப்பளத் தொழிலாளருக்கு வேலை நிற்கும். புயல்களும் இப்போதுதான் வரும். 2020 நவம்பரில் நிவர் மரக்காணத்தை ஒட்டியே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது, இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது!

வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை நாட் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே முடிச்சு! பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விடுவார்கள். மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே ஓடியது என்று எண்ணுவார்கள். அதுதான் கப்பலின் வேகம். இன்று ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

அப்படி முடிச்சை நம்பிய கடலோடிகளில் நம்மவர்கள் முன்னோடிகள். கட்டுமரத்தின் பெயரிலேயே அது இருக்கிறதே! ஆணி இல்லை, மரத்தோடு மரத்தைக் கயிற்றால் கட்டியதுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கலாம். அலையில் வளைந்து கொடுக்கும், ஓட்டை விழுந்து மூழ்காது. உலக மொழிகள் பலவற்றில் இன்று ஓடும் கட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரம்தான்!

மார்கழி வாசலிலும் ஒரு பின்னல், தெரியுமா?

மார்கழி விடியலில் வாசலில் விரியும் சிக்குக் கோலத்தைக் கவனியுங்கள். பல கோலங்களில், புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, ஒரே கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். கம்பளிச் சட்டையில் ஒரே நூல் ஓடுவதுபோலத்தான்! சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1970-களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து எழுதினார்கள். நம் வீட்டு வாசல் கோலம் கணினி அறிவியல் பாடமானது!

இதே மாதத்தில் கழுவேலிக்கு வடக்கிலிருந்து விருந்தாளிகள் வந்து சேர்ந்திருப்பார்கள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கருவால் மூக்கன் எல்லாம் மத்திய ஆசிய வான்வழியில் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வருபவை. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் உடன் சேரும். இந்தப் பறவைகள் அணிந்திருப்பதும் பின்னல்தான்! ஓர் இறகை எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து நுண்கிளைகள், அவற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு இறகு முழுத் தகடாகிறது. பறக்கையில் கொக்கி விட்டுப்போகும். அதனால்தான் பறவை ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அலகால் இறகைக் கோதுகிறது. கரையில் மனிதர் வலையைப் பொத்துவதுபோல, ஏரியில் பறவை தன் இறகைப் பொத்துகிறது!

கம்பளிச் சட்டை ஏன் கதகதப்பாக இருக்கிறது? கம்பளிக்கென்று தனிச் சூடு கிடையாது. வளையங்களுக்கு நடுவே சிறைப்படும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. வாத்தின் நெஞ்சுத் தூவியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பங்குனிக்குக் கடலில் ஓர் உயிர் உண்டு, தெரியுமா?

தை பிறக்கும், பனங்கிழங்கு வேகும், பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி உப்பு வேலைக்குத் தயாராக்குவார்கள். அதே தை தொடங்கிப் பங்குனி வரை இரவில் ஒரு தாய் கரையேறுவாள். சிற்றாமை! தமிழ் மீனவர்கள் அதற்கு வைத்த அழகான பெயர் பங்குனி ஆமை. மாதத்தின் பெயரையே உயிருக்குச் சூட்டியிருக்கிறார்கள், எப்படிப்பட்ட கவனிப்பு! மணலில் குழி தோண்டி நூறு முட்டைக்குமேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண்!

இங்கேதான் பின்னலுக்கு ஒரு பொறுப்பு வருகிறது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கி இறந்துவிடும். பருத்தி வலை இருந்த காலத்தில் கடலில் தொலைந்த வலை மக்கிப் போனது. நைலான் வலை மக்காது. மனிதன் கைவிட்ட பிறகும் அது ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும்! கிழிந்த வலையைக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு மீனவரும் ஒரு பங்குனி ஆமைக்கு உயிர் கொடுக்கிறார்.

ஓர் ஆண்டையே பின்னிவிடலாம், தெரியுமா?

உலகெங்கும் பின்னல் பிரியர்கள் நாளுக்கு ஒரு வரிசை வீதம், அன்றைய வெயிலுக்கேற்ற நிறத்தில் போர்வை பின்னுகிறார்கள். ஜெர்மனியில் ஒருவர் 2018 முழுவதும் ரயில் தாமதத்தை நிறமாக்கிக் கழுத்துக்குட்டை பின்னினார். அது 2019 தொடக்கத்தில் ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது!

நாமும் பின்னுவோமா? 4 மில்லிமீட்டர் ஊசி இரண்டு, சற்றுத் தடித்த பருத்தி நூல், 30 வளையம். வலக்கை ஊசியை இடக்கை ஊசியின் முதல் வளையத்துக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றை வளையத்தின் வழியே இழுங்கள். பழைய வளையத்தை நழுவவிடுங்கள். புது வளையம் பிறந்துவிட்டது! எல்லா வரிசையையும் இப்படியே பின்னினால் ஓரம் சுருளாது. வெயில் நாளுக்கு உப்பு வெள்ளை. மழை நாளுக்கு நீலம். வாடை அடித்தால் சாம்பல். முதல் தூக்கணாங்கூட்டைப் பார்த்த நாள் பச்சை. வடக்கத்திப் பறவை வந்த நாள் இளஞ்சிவப்பு. 365 வரிசை முடியும்போது ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு பட்டை உங்கள் கையில் இருக்கும். உங்கள் ஊரின் ஓராண்டை நீங்களே கண்ணால் கண்டு, கையால் எழுதியிருப்பீர்கள்.

ஒரு நாள் கவனிக்கத் தவறினால் அந்த வரிசைக்கு நிறம் கிடைக்காது. அதனால் தினமும் ஒருமுறை வானத்தையும் மரத்தையும் நீரையும் பாருங்கள். குழந்தைகளையும் கூட அழைத்துக் காட்டுங்கள். வரும் சித்திரை முதல் நாள் முதல் வரிசையைத் தொடங்குங்கள். மறுநாள் வலைகள் கரையேறும்போது, உங்கள் ஊசியில் இரண்டாம் வரிசை ஓடிக்கொண்டிருக்கட்டும்!